தகட்டில் பூசிய சந்தனம்

சூரியத் தகட்டில் பத்தில் ஒரு பங்கை மறைத்தால் விசிறி சற்று மெதுவாகத்தானே சுழல வேண்டும்? அடியோடு ஏன் நிற்கிறது? சிவநேசனுக்கு விளங்கவில்லை.

கெலுகோர் கோயில் மண்டபத்தின் வாசலில் நல்ல வெயில். போன சனிக்கிழமை இதே இடத்தில், பிள்ளைகளுக்கு அவன் நடத்தும் அறிவியல் வகுப்பில், ஒளி மின்சாரமாகி, மின்சாரம் அசைவாகி, சின்ன பிளாஸ்டிக் விசிறி சுழன்றது. இடையில் சரஸ்வதி பூசை. மனைவி பிரிந்து ஈப்போ போனபின் வந்த முதல் பூசை. வீட்டில் தனியாகச் சந்தனம் குழைத்துக் கருவிகளுக்கெல்லாம் பூசினான். தகட்டின் குறுக்கே, விளிம்பிலிருந்து விளிம்புவரை கனமாக ஒரு பட்டை.

"சார், உங்க ஃபேன் பூசைக்கு லீவு எடுத்துருச்சா?" என்றான் குணாளன்.

"சும்மா இருலா," என்று அவனை இடித்தாள் காமினி. "துடைச்சிடுங்களேன் சார்."

"துடைக்கலாம். ஏன் நின்னுச்சுன்னு தெரியாம துடைச்சா பாடம் எங்க இருக்கும்மா?"

"அப்ப அடுத்த வாரம் நாங்க பேட்மிண்டன் போறோம் சார். கோவிச்சுக்காதீங்க," என்றாள் காமினி.

இருவரும் போய்விட்டார்கள். ஆறு பேர் வந்த வகுப்பில் மிஞ்சியவர்கள் அவர்கள்தான். அவன் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வாரமெல்லாம் இயந்திரங்களின் இரைச்சல். வீட்டில் அதுவும் இல்லை. அவனை யாராவது கேள்வி கேட்பது சனிக்கிழமை மட்டும்தான்.

மண்டபத்தில் அன்னதானத் தட்டுகள் கைமாறி வந்துகொண்டிருந்தன. வரிசையில் ஒருவர் கைப்பேசியை எடுக்க, தட்டுகள் மொத்தமும் நின்றன.

சிவநேசன் தகட்டைக் கண்ணருகே கொண்டுபோனான். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்துக் கறுப்புக் கீற்றுகள், ஒரே வரிசையாகக் கோத்தவை. பட்டை அவற்றில் ஒன்றை முழுவதும் மூடியிருந்தது. அதே சந்தனத்தை ஈரவிரலால் வழித்து, மேலிருந்து கீழாக நாமம்போல் இழுத்தான். எல்லாக் கீற்றுகளிலும் கொஞ்சம் கொஞ்சம் மறைந்தது. விசிறி சுழன்றது.

அதை வீடியோ பிடித்துக் காமினியின் அம்மாவுடைய கைப்பேசிக்கு அனுப்பினான். வீட்டுக்குப் போய், சமைத்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவும்வரை பதில் இல்லை. பிறகு காமினியின் குரல் பதிவு வந்தது.

"சார், சந்தனம் இருக்கறப்பவே எப்படிலா சுத்துது? பேட்மிண்டன் சாயந்தரம்தான், காலையில வரோம். இப்பவே சொல்லுங்க!"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் பேசினான்:

"ஒரு கீத்து முழுசா மறைஞ்சா அந்த வரிசையில மின்சாரம் ஓடாதும்மா. அதனால குறுக்க பூசாதீங்க, நெடுக்க பூசுங்க. ஃபேன் கொஞ்சம் மெதுவா சுத்தும், ஆனா நிக்காது."