நான்காம் கேட்டு மடை

எழுமலைக்குக் கிழக்கே முப்பதாயிரம் பேர் உட்காரும் கிரிக்கெட் ஸ்டேடியம் திறந்த நாள்முதல், அந்த வட்டாரத்து மழை அதற்குள் மட்டுமே பெய்தது. சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு சொட்டு இல்லை. முதல் ஆட்டம் டாஸோடு நின்றது. அடுத்த மூன்று வருடங்களில் பதினொரு டாஸ் போட்டார்கள். அந்த இடம் பழைய கண்மாய் என்பதை மட்டும் திறப்புவிழா மலரின் நூற்றிருபது பக்கங்களில் யாரும் எழுதவில்லை. அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி மலையம்மாள். மடை திறந்து, முறை வைத்து, வயல் வயலாகத் தண்ணீர் விட்டவர். கண்மாய் போன பிறகும் மண்வெட்டியோடு வந்து, எத்தனை வரிசை நாற்காலி மூழ்கியிருக்கிறது என்று கம்பி வழியே பார்த்துவிட்டுப் போவார்.

மூன்றாம் வருடம், கிணற்றை நம்பி நட்ட நாற்பது ஏக்கர் நெல் பால்பிடிக்கும் நேரத்தில் கிணறுகள் வற்றின. ஒரு நனைப்புப் போதும். மூன்று நாள் தாண்டினால் வைக்கோல்தான். உள்ளே ஏழாம் வரிசைவரை தண்ணீர். ஆனால் பசுமைச் சான்றிதழ்க் குழு வருகிறது, தண்ணீர் வெளியே வழியக் கூடாதென்று மேனேஜர் ராம்கி எல்லாக் கேட்டையும் மணல்மூட்டையால் அடைத்திருந்தார். குழுத்தலைவர் சிவக்குமார் பரிசலில் சுற்றிவந்து, சோலார் தகடுகளையும் விளக்குகளையும் எண்ணி டிக் அடித்தார். தண்ணீர் சிக்கனக் கழிப்பறைகளுக்கு முழு மதிப்பெண். அவை அப்போது ஐந்தடி ஆழத்தில் இருந்தன. கரையேறியவரை மலையம்மாள் மறித்தார்.

"அம்புட்டு லைட்டையும் எண்ணிட்டீக தம்பி. வெளிய நெல்லு காயுதே, அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?"

சிவக்குமார் படிவத்தின் எண்பத்தாறு பக்கங்களையும் புரட்டினார். இல்லை.

"இது ஸ்டேடியம்மா, கம்மாய் இல்ல," என்றார் ராம்கி.

"அத மழைகிட்டச் சொல்லுங்க சார். அதுக்குப் பழைய விலாசந்தான் தெரியும்."

பழைய மடை இருந்த இடம் நான்காம் கேட்டு. மலையம்மாள் அங்கே தேங்காய் உடைத்து, முதல் மூட்டையை இழுத்தார். காவலாளி காசிமாயனுக்கு அந்த நாற்பதில் ஒன்றரை ஏக்கர் இருந்தது. மேனேஜர் முகத்தைப் பார்க்காமல் இரண்டாவது மூட்டையை அவர் தூக்கினார். கடைமடையில் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் ஒரு வயல் விடாமல் நனைந்தது. சிவக்குமார் படிவத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து டிக் அடித்தார்.

ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. எல்லாம் தன் திட்டம்தான் என்று ராம்கி விழாவில் குடை பிடித்துப் பேசினார். இப்போது ஏழாம் வரிசை மூழ்கினால் நாற்றுப் பாவுகிறார்கள். பதினைந்து மூழ்கினால் இரண்டு போகம். வி.ஐ.பி. மாடத்தில் நாரைகள் முட்டையிடுகின்றன. டாஸ் மட்டும் நிற்கவில்லை. மலையம்மாள்தான் சுண்டுகிறார்: தலை விழுந்தால் கிழக்கு வாய்க்கால், பூ விழுந்தால் மேற்கு.