இறந்த பிறகு என் கணவர் எழுதிய கட்டுரை

என் கணவர் இறந்த மறு வருஷம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கருத்துக் கட்டுரை எழுதினார். அது வெளியான அன்று காலையிலேயே, படித்துப் பார்க்க வீட்டுக்கு வந்துவிட்டார். எடுத்துப்போன அன்று போட்டுவிட்ட வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டார்.

சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தேன். இனி சர்க்கரை அவரை ஒன்றும் செய்யாது.

கட்டுரையை எழுதியது நான்.

பயப்பட ஒன்றுமில்லை, கண்ணுகளா. நிறைய வீடுகளில் இப்படி நடக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும் என்பதால் அதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருச்சி. மாடியில் பிலோமினா டீச்சர் குடியிருக்கிறார். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுப்பவர். ஒருநாள் அவர் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை எனக்குத் தமிழில் சொன்னார். வெப்ப நாட்டு மக்களுக்கு வெப்பம் பழகிப்போன ஒன்று, அவர்களுக்காக நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்று யாரோ எழுதியிருந்தார். அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

என் கணவர் கட்டட மேஸ்திரி. எங்கள் தெருவில் பாதி வீடு அவர் கட்டியது. எங்கள் வீட்டையும் அவர்தான் கட்டினார். சமையல்கட்டுக்கு மட்டும் ஜன்னல் வைக்கவில்லை. ஜன்னல் வர வேண்டிய இடத்தில் சுவர் மட்டம் பார்க்கும் அவருடைய ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைக்க ஓர் அலமாரி தேவைப்பட்டது. வெந்துபோகிறதே என்று கேட்டேன். "பழகிடும்" என்றார். சொல்லிவிட்டு ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தார்.

அதனால் பதில் கட்டுரை எழுதினேன். நான் தமிழில் எழுதினேன். டீச்சர் இங்கிலீஷில் மாற்றித் தட்டினார்.

வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எழுதுவதில் சில முறைகள் உண்டு. பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். முதல் பத்திரிகையிலிருந்து பதில் வரவில்லை. வராத பதில் நேராக வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தது. நல்ல உயரம். பேசாது. நான் சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அது கிளம்பிப் போன பிறகுதான் அடுத்த பத்திரிகைக்கு அனுப்பலாம். ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவது அங்கே குற்றம். ஒன்று போக, இன்னொன்று வந்தது. ஒன்றுகூடச் செருப்பைக் கழற்றவில்லை.

பிறகு டீச்சர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். கட்டுரையை ஏதாவது ஒரு செய்தியில் கட்டிப்போட வேண்டுமாம். இல்லாவிட்டால் அது நிற்காதாம். எங்கள் ஊரில் வெயில் அடித்தால் அது செய்தியில்லை. அவர்கள் ஊரில் அடித்தால் செய்தி. காத்திருந்தோம். ஒருநாள் அவர்கள் ஊரில் வெயிலில் தண்டவாளம் வளைந்தது. மந்திரிகள் கோட்டைக் கழற்றினார்கள். டீச்சர் பாதிப் பின்னலோடு மாடியிலிருந்து ஓடிவந்தார். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, கட்டுரையை அந்தத் தண்டவாளத்தில் கட்டினோம். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பெயர் கேட்டார்கள்.

என் பெயர் வை. தனபாக்கியம். முழுப் பெயர் வேண்டும், புள்ளி வைத்த எழுத்து செல்லாது என்றார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு, கல்யாணத்துக்கு முன்னால் அப்பா, பின்னால் புருஷன் என்று டீச்சர் எவ்வளவோ விளக்கினார். அந்த எழுத்து என்ன என்று மறுபடியும் கேட்டார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் என் கணவர் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் காலத்தில் சொல்ல மாட்டோம். சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவைக் காட்டினேன். டீச்சர் அதன் அடியில் இருந்த பெயரைப் பார்த்து என் பெயருக்குப் பின்னால் அப்படியே தட்டினார்.

இரண்டு பெயருக்கும் பத்திரிகையில் இடமில்லை. அவர்கள் பின்னால் இருப்பதை முழுதாக வைத்துக்கொண்டு முன்னால் இருப்பதைச் சுருக்குவார்கள். நான் ஓர் எழுத்தும் புள்ளியுமானேன். அவருடைய எழுத்து கைகால் நீட்டிப் படுத்துக்கொண்டது. த. வைரப்பெருமாள் என்று அச்சாகியிருந்தது.

அவ்வளவு இடம் கொடுத்தால் யார்தான் வர மாட்டார்கள்.

மத்தியானத்துக்குள் தெரு ஆம்பளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மற்றவர்களைப் போலக் கவுன்சிலர் முத்துவேலழகனும் பொன்னாடை கொண்டுவந்தார். இந்த வார்டிலிருந்து உலகத்துக்கே கருத்துச் சொன்ன முதல் ஆள் என்றார். இறந்துபோனவர் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அது மரியாதையாக இருக்காது.

என் கணவர் பேசினார். ஜன்னல் இல்லாத சமையல்கட்டு பெண்களுக்குச் செய்யும் துரோகம் என்றார். கை தட்டினார்கள். உள்ளே நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. டம்ளர்களோடு வெளியே வந்து, அப்படியென்றால் நம் வீட்டிலும் ஒரு ஜன்னல் வைக்கலாமே என்றேன்.

"கருத்து வேற, வீடு வேற" என்றார். "உனக்கென்ன தெரியும். போயி இன்னும் நாலு டீ கொண்டா."

எல்லாரும் சிரித்தார்கள். கவுன்சிலர் அதிகமாகச் சிரித்தார்.

நான் டீ கொண்டுவந்தேன். கொண்டுவரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரிடம், பத்திரிகை ஆபீசில் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்களாம் என்றேன். பொய்தான். அவர் எல்லாப் பொன்னாடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வெளிநாட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. டவுன் பஸ்தான். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இறந்தவர்களுக்கும் இல்லை. ஆனாலும் அவர் கண்டக்டரிடம், தான் யார் என்பதைச் சொன்னார். கண்டக்டர் உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார்.

பத்திரிகை ஆபீசில் ஒரு நடை இருந்தது. நாங்கள் நடக்க நடக்க அது நீண்டது. இரண்டு பக்கமும் புது எழுத்தாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் கட்டுரையை மடியில் வைத்துக் கயிற்றைக் கையில் பிடித்திருந்தார்கள். கட்டிப்போட்ட செய்தி பழசாகிவிட்டதால் சில கட்டுரைகள் மாவு மாதிரிப் புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் காத்திருந்து காத்திருந்து நாற்காலியாகிவிட்டார். களைப்பாக இருக்கிறது என்று என் கணவர் அவர் மேல் உட்கார்ந்தார். தண்ணீர்ப் பஞ்சம் பற்றி எழுதியிருக்கிறேன் என்றது நாற்காலி. நானும் எழுத்தாளன்தான் என்று சொல்லி என் கணவர் காலை நீட்டினார்.

நடை அதோடு நீள்வதை நிறுத்திக்கொண்டது. எதிரே கருத்துப் பக்கத்து அதிகாரி நின்றார். தையல்காரர் மாதிரிக் கழுத்தில் டேப் போட்டிருந்தார். கையில் கத்தரி. எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் பேசினார். வெளிநாட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

பெயர் மாறி அச்சாகிவிட்டது, திருத்த வேண்டும் என்றேன். அச்சான பெயரைத் திருத்த முடியாது என்றார். பெயர் அச்சானதும் ஆள் வந்துவிடுகிறார், வந்தவரைப் போகச் சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை என்றார். பிறகு டேப்பை எடுத்து என் கணவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார்.

"ஐயா ரொம்ப நீளமா இருக்காரே" என்றார். "எங்க பக்கத்துல இவ்வளவுக்கு எடமில்ல. நீளத்தை வேணா கொறைக்கலாம்."

குறையுங்கள் என்றேன்.

எழுதியவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு சொல்லைக்கூட வெட்ட மாட்டோம், அது எங்கள் பத்திரிகை வழக்கம் என்றார் அதிகாரி. எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் என் கணவர். அப்படியானால் முதல் வரியைச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

என் கணவர் எழுந்தார். பொன்னாடைகளைச் சரிசெய்தார். கனைத்தார்.

"அனைவருக்கும் வணக்கம்" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுச் சமையல்கட்டுல மொதல்ல வேர்க்குறது செவுரு" என்றேன். "அப்புறந்தான் நான்."

அதிகாரி எதையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். போதும் என்றார். கடைசியாக ஒன்று, யாரை வெட்ட வேண்டும் என்பதை எழுதியவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், போட்டோவைக் காட்டினால் செல்லாது என்றார்.

நான் நின்றேன். நடையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். நாற்காலியும் பார்த்தது.

என் கணவர் சிரித்தார். பயம் இல்லாத சிரிப்பு. "அவ சொல்ல மாட்டா சார்" என்றார். "கட்டிக்கிட்ட நாள்லேருந்து சொன்னதில்ல." அதைப் பெருமையாகச் சொன்னார்.

"வைரப்பெருமாள்" என்றேன்.

சுலபமாக இருந்தது. தெருவில் போகிற காய்காரரைக் கூப்பிடுவது போல இருந்தது. தேவையில்லாவிட்டாலும் இன்னொரு தரம் சொன்னேன்.

அதிகாரி வேலையை ஆரம்பித்தார். முதலில் கனைப்பை வெட்டினார். கட்டுரை கனைப்பில் ஆரம்பிக்கக் கூடாது. பிறகு பொன்னாடைகளை உருவினார். அலங்காரம், அதனால் பொருள் ஒன்றும் கூடவில்லை என்றார். சொன்னதையே திரும்பச் சொல்லும் இடங்கள் முழங்காலுக்குக் கீழே நிறைய இருந்தன. போயின. மேஜையைத் தட்டும் கை போயிற்று. ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். ரத்தம் வரவில்லை. பேப்பர் வெட்டுகிற சத்தம்தான் வந்தது.

"உனக்கென்ன தெரியும்" பல இடங்களில் கிடைத்தது. சட்டைப் பையில், காதுக்குப் பின்னால், நாக்கடியில். எல்லாம் வெட்டிக் கீழே போட்டதில் ஒரு குவியலாகிவிட்டது. பெருக்குகிற அம்மா வந்து பார்த்துவிட்டு, இது எங்க வீட்டுக்காரரோடதா என்று கேட்டார். இல்லை, என் வீட்டுக்காரருடையது என்றேன். அதே மாதிரி இருக்கிறது என்று சொல்லி வாரிக்கொண்டு போனார்.

மார்புக் கூட்டுக்குள் அதிகாரி எதையோ கண்டு நிறுத்தினார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பனை விசிறி. எனக்கு டைபாய்டு வந்தபோது கரண்ட் இல்லாத நாட்களில் உட்கார்ந்து விசிறியிருக்கிறார். விடாமல் விசிறியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. நடந்ததுதான். நான் மறந்திருந்தேன். அவர் உள்ளே வைத்திருந்தார்.

"நல்லாயிருக்கேம்மா" என்றார் அதிகாரி. "வச்சுக்கலாமா?"

என் கணவருக்கு வாய் அதற்கு முன்பே போயிருந்தது. கண்ணால் கேட்டார்.

கண்ணுகளா, நான் கொஞ்சம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இதை வைத்தால் உங்கள் கடைசிப் பத்தியை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் அதிகாரி. கடைசிப் பத்தியில்தான் ஜன்னல் கேட்டிருந்தேன்.

"வெட்டுங்க" என்றேன்.

முடிவில் என் கணவரில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. கட்டுரைகளுக்கு அடியில் சாய்ந்த எழுத்தில் எழுதியவரைப் பற்றிப் போடுவார்களே, அந்த மாதிரி வரி. கட்டுரையாளரின் கணவர் மேஸ்திரியாக இருந்தார் என்றிருந்தது. வாழ்நாள் முழுக்க நான் மேஸ்திரி சம்சாரமாக இருந்தேன். அந்த வரியைப் பல தடவை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை.

இப்போது கட்டுரையாளர் பெயருக்கு நிறைய இடம் இருக்கிறது, முன்னால் எழுத்து ஏதாவது போடட்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். மறுபடியும் அச்சடித்தார்கள். தனபாக்கியம் என்றிருந்தது. கைகால் நீட்டிப் படுக்க எனக்கும் தெரியும்.

திரும்பும்போது நடை நீளவில்லை. நாற்காலியிடம், உங்கள் கட்டுரையைக் கட்ட ஒரு செய்தி வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் ஊர்க் குழாயும் ஒருநாள் வறண்டுதானே தீரும்.

வரியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் அதை எங்கே வைப்பது என்று பார்த்தேன். கூடத்தில் வைக்க மனம் வரவில்லை. சமையல்கட்டில், ஜன்னல் வந்திருக்க வேண்டிய அந்த அலமாரியில், ரசமட்டத்துக்கும் தூக்குக்குண்டுக்கும் நடுவில் வைத்தேன். சரியாகப் பொருந்தியது. அளவெடுத்துக் கட்டியது போல இருந்தது.

சாயந்திரம் கவுன்சிலர் புதுப் பொன்னாடையோடு வந்தார். பின்னால் தெரு ஆம்பளைகள். நான் கூடத்து நாற்காலியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் பிலோமினா டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஐயா எங்கே என்று கேட்டார்கள். உள்ளே இருக்கிறார் என்றேன். டீ வேண்டுமானால் நீங்களே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கும் டீச்சருக்கும் சேர்த்துப் போடுங்கள் என்றேன். கவுன்சிலர் பொன்னாடையை மாடிப்படியில் வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள்.

அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் மெல்லிசாக, சாய்ந்த எழுத்தில் ஒரு குரல் வந்தது.

"தனபாக்கியம். இங்க காத்தே இல்லையே."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் கடைசிப் பத்திக்கு வந்திருந்தேன். படித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"பழகிடும்" என்றேன்.