மார்ச் கடைசியில் ஒரு ராஜினாமாக் கடிதம்

மார்ச் மாதக் கடைசி வாரம் வந்தால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பசி பிடித்துக்கொள்ளும். வரி பிடிக்கும் முன்பே சம்பளத்தில் இருந்து ஒதுக்கிச் சாப்பாட்டு அட்டையில் போட்ட பணத்தை முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஓட்டலில் உட்கார்ந்து தின்று தீர்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. கட்டிக்கொண்டு போகக் கூடாது, தனியாகவும் தின்னக் கூடாது. ஆகவே நர்ஸ்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப்போய்ச் சிப்பியும் கறியுமாக வெளுத்துக்கட்டுவார்கள்.

பக்கத்து வீட்டு டெஸ்லி, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், வேலிக்கு மேலே அந்த அட்டையை விசிறி மாதிரி ஆட்டினாள்.

"நேத்து ராத்திரி ரெண்டு டஜன் சிப்பிடி, நோலீன். நடக்க முடியல."

"உருண்டு போயேன், யார் வேண்டாம்னது?" என்றாள் நோலீன். அவளுக்கு எரிச்சல். வீட்டுச் சொந்தக்காரன் ஏப்ரலில் இருந்து வாடகையில் பதினைந்து நாளைக்கு எண்பது டாலர் ஏற்றிவிட்டான். அந்த எண்பது எங்கிருந்து வரும்? வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"சாப்பாடு கிடக்கட்டும்டி. என் வாடகையே வரிக்கு முன்னாடி சம்பளத்துல இருந்து போயிடுது. அந்தப் பணத்துக்கு வரி கிடையாது, மாசம் பொறந்தா கையில காசு நிக்குது. உனக்குத்தான் கிடையாது. உன்னோடது தனியார் ஆஸ்பத்திரி."

நோலீன் பதினோரு வருஷமாகச் சமைப்பது செயின்ட் ஒட்டிலியாவில். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில்தான். இரண்டுக்கும் நடுவில் ரோட்டுக்கு மேலே ஒரு நடைபாலம். அந்தப் பக்கத்துச் சமையலறைக்கு ஆள் தேவை என்று பலகை பார்த்தாள், விண்ணப்பம் போட்டாள், வேலையும் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை காலை கஞ்சி வேலையை முடித்ததும் ஆள் விவகாரம் பார்க்கிற டக் ஹென்டியின் மேஜை மேல் இருந்த கடிதத் தட்டில் ராஜினாமாக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டினாள். காலில் சக்கரம் கட்டின மாதிரி இருந்தது.

அந்தப் பக்கம், அங்கே சமையலறையில் வேலை செய்கிற கிர்ஸ்டி என்ற சின்னப் பெண் வரவேற்றாள். பச்சைச் சட்டை ஒன்றைக் கொடுத்தாள். நோலீன் அதைத் தன் வெள்ளை உடுப்புக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். நாலு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள் கிர்ஸ்டி.

"இருக்கட்டும்மா. வாடகையைச் சம்பளத்துல கழிக்கிற காகிதம் எங்க?"

"அது இங்க இல்லையே."

"ஆஸ்பத்திரிதானே இது?"

"கட்டடம் ஆஸ்பத்திரி. சமையலறை கம்பெனிக்குக் குத்தகை. நமக்குச் சம்பளம் குடுக்கிறது கம்பெனி. லாபத்துக்கு நடக்கிற கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது. மேல்மாடி நர்ஸுக்கு உண்டு, கீழ்மாடி நமக்கு இல்ல."

நோலீன் காகிதங்களைத் தள்ளி வைத்தாள். "அப்ப வேற யாருக்குத்தான் உண்டு?"

"தர்ம ஸ்தாபனத்துக்கு எல்லாம் உண்டு. எதிர்ல கன்னியாஸ்திரி ஆஸ்பத்திரி இருக்கே, என் சித்தி மக அங்க சலவையில இருக்கா. போன வருஷம் பூரா வாடகையை அப்படித்தான் கட்டினா."

"அவங்க பணக்காரங்ககிட்ட பில் போட்டுப் பிடுங்குறாங்களேம்மா!"

"பில் போட்டா என்ன? லாபம் யார் பைக்கும் போறதில்ல. அரசாங்கம் அதைத்தான் பாக்குது. ஆமா, நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

நோலீனுக்குச் சிரிப்பு வந்தது. விக்கல் மாதிரி ஒன்று, அப்புறம் ஒன்று. "அங்கதான்" என்று ஒரு வழியாகச் சொன்னாள். "இன்னிக்குக் காலையில விட்டுட்டு வந்தேன்!" பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஐம்பத்திரண்டு வயசில் நடைபாலத்தில் ஓடினால் பாலமும் கூட ஆடும். சக்கர நாற்காலிக் கிழவர் ஒருவர், "எங்கம்மா தீ?" என்றார். "என் அடுப்புல!" என்று கத்திக்கொண்டே தாண்டினாள்.

டக்கின் கடிதத் தட்டு காலி.

"ஆபீஸ் பூரா சீன ஓட்டலுக்குப் போயிருக்கு" என்றாள் வரவேற்பில் இருந்தவள். "அட்டையில பணம் மிச்சமாம். கடிதத்தை எல்லாம் அங்கேயே பாத்துக்கிறேன்னு டக் அள்ளிட்டுப் போனார்."

வருஷா வருஷம் இவர்கள் போவதை நோலீனும் பார்த்திருக்கிறாள். பெரிய ஆட்களின் விருந்து என்று நினைத்து ஒரு நாளும் கேட்டதில்லை. மறுபடி ஓட்டம். இரண்டு தெரு.

ஓட்டலில் வட்ட மேசையைச் சுற்றி ஆறு பேர். நடுவில் சுழல்கிற தட்டு. அதன் மேல் வாத்து, இறால், மீன், சோறு. இறாலுக்கும் மீனுக்கும் நடுவில் கடிதக்கட்டு. மேலாக அவளுடைய உறை, பிரிக்கப்படாமல். நோலீன் கையை நீட்டினாள். யாரோ வாத்து வேண்டும் என்று தட்டைச் சுற்றினார்கள். உறை அந்தப் பக்கம் போனது. இவளும் அந்தப் பக்கம் போனாள். இறால் வேண்டும் என்று இன்னொருவர் திருப்பிச் சுற்றினார். உறை இந்தப் பக்கம் வந்தது. இரண்டு சுற்று இப்படி ஓடி, கடைசியில் மேசை மேல் விழுந்து பிடித்தாள். முழங்கை வரை இனிப்புக் குழம்பு.

"நோலீன், அது எனக்கு வந்த கடிதம் இல்ல?" என்றார் டக்.

"படிச்சீங்களா?"

"இன்னும் இல்ல. என்ன எழுதியிருக்கீங்க?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். மூச்சு வாங்கியதில் உண்மைதான் வெளியே விழுந்தது. வாடகை, டெஸ்லி, கம்பெனி, எல்லாம்.

டக் வாயைத் துடைத்தார். "பதினோரு வருஷமா ஒரு டாலர் கூட ஒதுக்கலையா?"

"நர்ஸுங்களுக்குன்னு நெனச்சேன்."

"அடக் கடவுளே. நான் படிக்காத கடிதம் எனக்கு வரவே இல்ல. உக்காருங்க." வாடகை கழிக்கிற காகிதத்தைப் போனிலேயே திறந்து நீட்டினார். அவள் குழம்புக் கையால் கையெழுத்தை இழுத்தாள். "ஏப்ரல் முதல் சம்பளத்துல இருந்து வாடகை இதுல போகும். வரியில மிச்சம் பதினஞ்சு நாளைக்கு எழுபது, எண்பது டாலர் தேறும்."

நோலீன் உறையை நாலாகக் கிழித்தாள், எட்டாகக் கிழித்தாள், போதாமல் பதினாறாகக் கிழித்தாள். மேசையே கைதட்டியது.

அப்போது டக்கின் போன் சிணுங்கியது. அவர் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், உரக்கப் படித்தார்: "உங்கள் சமையல்காரி இன்று காலை வேலையை விட்டதாக அவரே சொன்னார். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். இப்படிக்கு, கிர்ஸ்டி."

"அடிப்பாவி! நான் பாலத்தை விட்டு இறங்கறதுக்குள்ளயா?"

"அந்த இடம் காலி இல்லன்னு எழுதிடட்டுமா?"

நோலீன் இறாலை மென்றபடி யோசித்தாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாடகை இருக்கும். சாயங்கால வேலைக்கு ஒரு ஆள் இல்லாமல் இவளும் இடுப்பொடிய நிற்கிறாள்.

"காலி இல்லன்னு எழுதுங்க" என்றாள். "ஆனா சாயங்காலத்துக்கு ஒரு ஆள் வேணும்னும் எழுதுங்க. சட்டம் தெரிஞ்ச பொண்ணு, நம்மகிட்டயே இருக்கட்டும்."