வேறொருத்தியின் பெயரில் ஓர் அறை

லிஃப்ட் மெக்கானிக் எதையும் லேசில் நம்ப மாட்டான். நம்புகிறவன் அந்தத் தொழிலில் நிலைக்க முடியாது. மேலிருந்து தொங்கும் கம்பிவடம் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். உள்ளே ஓர் இழை அறுந்திருக்கும். இப்படிப் பார்த்துப் பார்த்தே முப்பத்தைந்தைத் தாண்டியவனுக்கு, அவனுடைய அக்காதான் அலைந்து திரிந்து ஒரு பெண்ணைப் பேசி முடித்தாள்.

"பொண்ணு ஏதோ டூரிஸ்ட் சம்பந்தப்பட்ட ஆபீஸ்ல இருக்கா. சிரிச்ச முகம். உன் உம்மணாமூஞ்சிக்கு அதுவே அதிகம்" என்றாள் அக்கா. அதற்குமேல் யாரும் எதையும் துருவவில்லை.

தேனிலவு ஏற்பாடு முழுக்கப் புதுமனைவியுடையது. முதலில் ஒரு பெருநகரம், அப்புறம் வயல்வெளிக்கு நடுவே ஒரு பண்ணை விடுதி, கடைசியாகக் கடற்கரை. "நீங்க கைய வீசிட்டு வந்தா போதும்" என்றாள் அவள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போவது அவனுக்கும் சுகமாகத்தான் இருந்தது, நகரத்து ஹோட்டலின் வரவேற்பு மேசைக்குப் போய் நிற்கும் வரை.

அங்கே அவள் வேறு யாருடைய பெயரையோ சொன்னாள். மேசைக்காரர் கணினியைத் தட்டிவிட்டு, "ஆமாங்க, இருக்கு" என்று சாவியைத் தந்தார்.

"அது யார் பேரு?" என்று லிஃப்டில் கேட்டான்.

"ஃபிரண்டு பேரு. அவதான் புக் பண்ணிக் கொடுத்தா" என்றாள், லிஃப்டின் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்தபடி. பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி முடியும் முன்பே வந்துவிட்டது.

அறைக்குள் நுழைந்ததும் அவள் மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். கதவுச் சட்டத்தின் மேல் விரலை ஓட்டினாள். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். உள்ளிருந்து செல்போனில் படம் எடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து வரவேற்பு மேசைக்குப் போன் போட்டு, "ஃபேன் பயங்கரமா சத்தம் போடுது, யாரையாவது அனுப்புங்க" என்றாள்.

அவன் அண்ணாந்து பார்த்தான். மோட்டார் சத்தத்திலேயே வாழ்ந்தவன் அவன். அந்த ஃபேன் பூனை நடப்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

"சத்தமே இல்லையேம்மா."

"உங்களுக்கு இரைச்சல்லயே இருந்து காது மரத்துப்போச்சு" என்று சிரித்தாள்.

ஆள் வந்தான், பார்த்தான், தலையைச் சொறிந்தான், போனான். அவன் வந்து போகிற வரை அவள் ஓரக்கண்ணால் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை மெக்கானிக் கவனித்தான். கல்யாணமான கையோடு குறுக்கு விசாரணை செய்தால் குடும்பம் உருப்படுமா? ஆனாலும் அன்று கடைவீதியில் அவள் கையைப் பிடித்து நடந்தபோது, கை யாருடையதோபோல் இருந்தது.

அக்காவுக்குப் போன் செய்தான். "என்னமோ சரியில்ல" என்றான்.

"உனக்கு என்னைக்குடா எல்லாம் சரியா இருந்துச்சு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய்ப் பொண்டாட்டிகூடப் பேசு" என்று வைத்துவிட்டாள்.

பண்ணை விடுதியில் நிலைமை இன்னும் முற்றியது. கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை, நடுவில் நாலு ஓட்டு வீடுகள். அறைகளைப் பெருக்கிக் கட்டில் விரித்துச் சாப்பாடும் கொண்டுவரும் நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி வாசலிலேயே வரவேற்று, "புது ஜோடியா?" என்று வாய் நிறையக் கேட்டாள்.

"ஐயோ இல்லக்கா. கல்யாணமாகி மூணு வருஷமாச்சு" என்றாள் மனைவி.

அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். பெயரை மாற்றிச் சொன்னாள், சரி. கல்யாணத்தையே ஒருத்தி மறைப்பாளா? தனியாகக் கேட்டபோது, "புது ஜோடின்னு தெரிஞ்சா சும்மா சும்மா வந்து கதவத் தட்டுவாங்க" என்றாள். இதுவும் சரியான பதில்தான். அவளிடம் எல்லாவற்றுக்கும் சரியான பதில் இருந்ததுதான் அவனை உறுத்தியது.

மறுநாள் காலை அவன் வரப்பில் நடந்து திரும்பும்போது, வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. யாருடனோ போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது. சந்தேகம் வராமத்தான் பாத்துக்கறேன்... கடற்கரைதான் பாக்கி. அதோட முடிச்சிடறேன்."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். காலில் எறும்பு ஏறிக் கடித்ததுகூட உறைக்கவில்லை. முடிப்பது என்றால் எதை? அந்த 'சார்' யார்? காலைச் சாப்பாட்டைத் தட்டோடு ஒதுக்கிவைத்தான். அவள் ஊற்றிக் கொடுத்த தேநீரை, அவள் திரும்பிய நேரம் பார்த்து ஜன்னல் வழியாகச் செடிக்கு ஊற்றினான்.

கடற்கரைக்குப் போகிற பேருந்தில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவன் கொட்டக் கொட்ட விழித்திருந்தான்.

கடலோர ஹோட்டலிலும் அதே வேறொருத்தி பெயர்தான். சாயங்காலம் படகுச் சவாரி போகலாம் என்று அவள் கூப்பிட்டாள். இருபது மாடி உயர லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன், அந்தச் சின்னப் படகில் நடுப்பலகையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "ஓரமா வந்து தண்ணியப் பாருங்க" என்று அவள் அழைத்தாள். "இங்கிருந்தே நல்லா தெரியுது" என்றான். படகுக்காரர் சிரித்தார். அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கரை சேரும்வரை விடவில்லை. இழுத்துத் தள்ளத்தான் பிடித்திருக்கிறாளோ என்று அவன் மனசு கணக்குப் போட்டது.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் குட்டு உடைந்தது. நரைத்த மீசைக்காரப் பரிமாறுபவர் ஒருவர் சூப் கொண்டுவந்து வைத்தார். மெக்கானிக் அவசரப்பட்டு ஒரு வாய் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். அவளோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது ஆறிப்போயிருக்கு. மேனேஜரக் கூப்பிடுங்க" என்றாள்.

மேனேஜர் வந்தார். விருந்தாளியிடம் கைகட்டி மன்னிப்புக் கேட்டார், அப்படியே திரும்பிப் பரிமாறுபவரிடம், "உமக்கு எத்தன தடவ சொல்றது? நாளைலேருந்து வர வேண்டாம்" என்றார். மனிதர் தட்டை ஏந்தியபடி நின்றார்.

மெக்கானிக் எழுந்தான். அடக்கி வைத்ததெல்லாம் பொங்கி வந்தது.

"சூப் சூடாத்தான் இருக்கு. என் நாக்கு பொத்துப்போச்சு. இவ பொய் சொல்றா. போற எடமெல்லாம் பொய்தான் சொல்றா. இவ கொடுத்திருக்கிற பேரே இவ பேரு இல்ல."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் மெக்கானிக்கைத் திடுக்கிட வைத்தது மேனேஜரின் முகம். அதில் கோபத்தையோ கேலியையோ காணோம். மனிதர் பயந்துவிட்டிருந்தார்.

"மேடம்," என்றார் குரல் இறங்கி. "தலைமை ஆபீஸ்லேருந்து ஆள் வரும்னு தெரியும். நீங்கதான்னு தெரியாமப் போச்சு. அவர நான் சும்மா வாய் வார்த்தைக்குத்தான் சொன்னேன். வேலையெல்லாம் இருக்கு." அடுத்த நிமிஷமே கேட்காத பழத்தட்டு ஒன்று மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவள் எழுந்து மணலுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான்.

"ஹோட்டல் முதலாளிங்களே எங்க கம்பெனியக் கூப்பிட்டு அனுப்புவாங்க" என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டு. "சாதாரண ஆள் மாதிரி தங்கி, எப்படிக் கவனிக்கிறாங்கன்னு பாத்துச் சொல்லணும். யாருன்னு வெளிய தெரிஞ்சா வேலை போச்சு. வீட்டுலகூட சொல்ல மாட்டேன்னு வாக்கு வாங்கியிருக்காங்க. லீவு கேட்டேன், தரல. இந்த மூணையும் முடிச்சுக் கொடுத்தா புருஷனையும் கூட்டிட்டுப் போலாம்னு சார் சொன்னாரு. நல்லதுன்னு நெனச்சேன்."

"அப்போ நம்ம தேனிலவு உனக்கு டியூட்டி."

அவள் கால்விரலால் மணலைக் கிளறினாள்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என்னக் கடல்ல தள்ளிவிடப் போறேன்னு நெனச்சேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு பீறிட்டது, சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்தாள், பிறகு அது அழுகையாகிவிட்டது. "நெஞ்சுல இதை வெச்சுக்கிட்டா என் பக்கத்துல படுத்தீங்க? வாயத் தொறந்து ஒரு தடவ கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். பதில் சொன்னியே."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஃபேன் பொய். சூப்பு பொய். மூணு வருஷம் பொய்" என்றாள். "படகுல கையப் பிடிச்சேனே, அதை யாரும் என்னச் செய்யச் சொல்லல."

"பண்ணையில அந்த அம்மா? அவங்களப் பத்தி என்ன சொன்ன?"

"விரிப்புல கறை இருந்துச்சு. சொல்லிட்டேன். இருந்துச்சுங்க, அது பொய் இல்ல" என்றவள், "பாவம்தான்" என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் காலையிலேயே சாரிடமிருந்து போன் வந்தது. மேனேஜர் முந்திக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தார். அவள் ம், ம் என்று கேட்டுவிட்டு வைத்தாள். அவள் வேலை போய்விட்டது. அவன் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தான். அந்த நரைத்த மீசை நினைவுக்கு வந்தது; கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. பெட்டியை அடுக்கினார்கள்.

ஊர் திரும்பும் பேருந்து பாதி வழியில் பஞ்சராகி நின்றது. பயணிகள் இறங்கிப் புளியமர நிழலில் உட்கார்ந்தார்கள். பேச வேறெதுவும் இல்லாததால், "லிஃப்டு மேல ஏறி நிப்பீங்களாமே, அங்க என்னதான் செய்வீங்க?" என்று கேட்டாள்.

இதுவரை யாரும், அக்காகூட, அவனிடம் அதைக் கேட்டதில்லை. முதலில் தயங்கினான். பிறகு குழிக்குள் இருக்கும் இருட்டைப் பற்றி, பிரேக்கைக் கழற்றி மாட்டுவதைப் பற்றி, உள்ளே மாட்டிக்கொண்ட ஆள்களோடு கதவு வழியாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அவள் முழங்காலில் தாடையை ஊன்றி, கண்ணெடுக்காமல் கேட்டாள். நடுநடுவே சரியான இடத்தில் சரியான கேள்வியும் கேட்டாள்.

பேசிக்கொண்டே அவன் அவள் முகத்தைக் கவனித்தான். நிஜமாகவே கேட்கிறாளா, கேட்பதுபோல் இருக்கிறாளா என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. சக்கரத்தை மாற்றி முடித்து டிரைவர் ஹாரன் அடித்த பிறகும் பேசிக்கொண்டே ஏறினான்.