ராணி எங்கள் வீட்டில் சாப்பிடாத கதை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மறைப்பதில் பயனில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் ஒரே வேலியின் இரு பக்கமும் இரண்டு பண்ணைகள்: ப்ரெக்கே, நோர்ட்லி. ப்ரெக்கே வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: ‘ராணி இங்கே உணவருந்தினார்.’ நோர்ட்லி வாசலில் பலகை கிடையாது. நான் வாழ்க்கைப்பட்டது நோர்ட்லியில்.

வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவள் நான். போன மாதம் ஆசிரியர் ராணி கதை ஒன்று கேட்டதும் கை துறுதுறுத்தது. (என் ராணிக்கு அமெலின் என்று பெயர் வைத்திருக்கிறேன். சரித்திரப் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்கமாட்டாள்.)

2

முதல் தொடக்கம்: ‘வெயில் நாட்டு இளவரசி அமெலின், நார்வேயின் பனியைக் கண்டதும்...’

கண்டதும் என்ன செய்வாள்? நடுங்குவாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘முப்பத்தோரு ஆண்டுகள் அரசனின் பக்கத்தில் அமர்ந்தாள். காசநோய்க்கு நான்கு மருத்துவமனைகள் திறந்தாள். அவள் இறந்த அன்று மீன்பிடிப் படகுகளில்கூட...’

இதுவும் வேண்டாம். இத்தனையும் செய்தவளைப் பற்றி எங்கள் ஊர் ஞாபகம் வைத்திருப்பது ஒன்றைத்தான். முடிசூட்டிக்கொள்ள ட்ரோன்ட்ஹைம் போகிற வழியில் அவள் யார் வீட்டில் சாப்பிட்டாள்?

3

எங்கள் பக்கத்தில் விருந்தாளி முதல் தடவை ‘வேண்டாம்’ என்பார். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது வற்புறுத்தலுக்குத்தான் கை நீளும். கேட்டவுடன் உட்கார்கிறவளைப் பஞ்சத்தில் அடிபட்டவள் என்பார்கள்.

ராணிக்கு இது தெரியாது. ப்ரெக்கேயின் ஓலாவுக் ஒரே ஒரு தடவை கேட்டாள். ராணி சரி என்றாள். புளித்த பாலாடைக் கஞ்சி இரண்டு கிண்ணம் உள்ளே போயிற்று.

அடுத்து எங்கள் வீடு. என் மாமியார் குரீனே அப்போது புதுப்பெண். தட்டு நிறைய லெஃப்சேயோடு* வாசலில் நின்று ஒரு தடவை கேட்டார். ராணி, “வேண்டாம், நன்றி” என்றாள். வண்டி போய்விட்டது.

ஐம்பத்திரண்டு வருடமாக மாமியார் சொல்லும் விளக்கம் இது: “அங்க கேட்ட ஒடனே சரின்னவ, இங்க வேணாம்னா, நெசமாவே வேணாம்னுதானே அர்த்தம்? அப்புறம் எப்படிக் கேக்கறது?”

(* உருளைக்கிழங்கு மாவில் சுடும் மெல்லிய ரொட்டி. ப்ரெக்கேயில் தடியாகச் சுடுவார்கள்.)

4

பால் கேன் வைக்கும் மேடையருகே ஓலாவுக்கின் மருமகள் சிக்ஃப்ரிட் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன டோர்டிஸ், ராணியப் பத்தி எழுதுறியாமே? அவங்க சாப்பிட்ட கிண்ணத்தப் பாக்கணும்னா வா. கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்கோம். தொடாமப் பாரு.”

“எங்க வீட்லயும் கிண்ணம் இருக்கு.”

“இருக்கும் இருக்கும். ராணி தொடாத கிண்ணம்!”

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன்: ‘நோர்ட்லியில் ராணி ஐந்து லெஃப்சே சாப்பிட்டாள்.’

5

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“அஞ்சா? வந்தது ராணியா, கன்னுக்குட்டியா?”

கிழித்தேன். நடந்ததை நடந்தபடியே வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத ஓர் இடத்தை மட்டும் கற்பனை செய்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே, வண்டிக்குள். கூட வரும் தோழி ராணியின் காதில் சொல்கிறாள்: “அம்மா, இந்த ஊர்ல கேட்ட ஒடனே சரிங்கக் கூடாது. ரெண்டு தடவ மறுக்கணும்.” ராணியின் முகம் சிவக்கிறது. அடுத்த வீட்டிலாவது இந்த ஊர்க்காரியாக நடந்துகொள்ள நினைக்கிறாள். “வேண்டாம், நன்றி” என்கிறாள். இன்னொரு தடவை கேட்பார்கள் என்று நிற்கிறாள்.

வாசித்துக் காட்டினேன். மாமியாரின் பின்னல் ஊசி நின்றது.

“எனக்குத் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும் அத்தை?”

“அது மரியாதைக்குச் சொன்ன வேணாம். கண்ணு தட்டு மேலயே இருந்துச்சு. மறுபடி கேக்க வாயத் தொறந்தேன். வேலியோரம் ஓலாவுக் நின்னு சிரிச்சுட்டிருந்தா. அவ வீட்ல வயித்த ரொப்பிட்டு வந்தவளக் கெஞ்சணுமா நான்? தட்ட உள்ள எடுத்துட்டுப் போயிட்டேன்.”

மாமியார் பின்னலை மடியில் வைத்தார்.

“ஓலாவுக்கும் போய்ச் சேந்துட்டா, ராணியும் போய்ச் சேந்துட்டா. ரெண்டாவது தடவையும் கேட்டேன்னு எழுதிடும்மா.”

“பொய்யாச்சே அத்தை.”

“அஞ்சு லெஃப்சே எழுதறப்ப எங்க போயிருந்துச்சு இந்த நேர்மை?”

6

முடிவு ஒன்று: குரீனே மறுபடி கேட்கிறார். ராணி சாப்பிடுகிறாள். எங்களுக்கும் ஒரு பலகை. (சிக்ஃப்ரிட்டின் முகத்தை நினைத்தாலே இனிக்கிறது.)

முடிவு இரண்டு: கேட்கவில்லை. அதன்பிறகு முப்பத்தோரு வருடம், போன வீட்டிலெல்லாம் ராணி முறைப்படி மறுத்தாள். நம்ம ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள் என்று நாடு கொண்டாடியது. முதன்முதலாக அவள் மறுத்த வாசலில் ஒருத்தி தட்டோடு உள்ளே போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று: குரீனே...

இல்லை, என்னால் முடியாது. பேனா முதல் முடிவின் பக்கமே சாய்கிறது. அது மாமியார் மேல் உள்ள பாசம் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. நீங்கள் ப்ரெக்கேயும் இல்லை, நோர்ட்லியும் இல்லை. அதனால் அடுத்த வரியை உங்களுக்கு விட்டிருக்கிறேன். ராணி வாசற்படியில் நிற்கிறாள். ஒரு தடவை மறுத்தாகிவிட்டது. தட்டிலிருந்து இன்னும் ஆவி பறக்கிறது. குரீனே கேட்கட்டுமா, வேண்டாமா?

கொஞ்சம் சீக்கிரம். வண்டிக்காரன் கடிவாளத்தைக் கையில் எடுத்துவிட்டான்.