பூஜை போடாத வேன்

பழைய பிக்கப்பையும் புது வேனையும் விளாங்குடி வீட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். எது உசத்தி என்று தெருவே கேட்டது. கேட்டவனுக்கெல்லாம் பிக்கப்தான் என்று சொல்லி வாயை அடைத்தேன். கொட்டாம்பட்டியிலிருந்து தக்காளி ஏற்றிவந்து எங்களுக்குச் சோறு போட்ட வண்டி. வேனில் ஏசி உண்டு, பொத்தானைத் தொட்டால் கதவு தானாகத் திறக்கும். பெரிய பவுசு!

வாங்கியது என்னவோ நான்தான். என் மனைவி முருகம்மாளுக்கு நெஞ்சு பலவீனம், குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிக்கப்பில் ஏறினால் பல்லெல்லாம் ஆடும். வேனில் பின்சீட்டை மடித்தால் ஒரு ஆள் படுத்தே வரலாம் என்று ஷோரூம்காரன் மடித்துக் காட்டினான். யாரு படுக்கப் போறா என்று இவள் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றத்தில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அங்கிருந்துதான் ஓட்டம் ஆரம்பம் என்று நாள் குறித்தவளும் இவள்தான். ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வந்ததெல்லாம் சவாரியில் சேராதாம்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டோடு சாய்ந்தாள். மூச்சு இழுத்தது. அவள் தம்பி பால்பாண்டியும் நானும் வேனுக்குத் தூக்கிப் போனோம். வழியில் நின்ற பிக்கப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்.

“பூஜை போடாத வண்டிங்க. மொத சவாரியே ஆஸ்பத்திரிக்கா? நாளைக்கு நம்ம மக பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு ஏறப்போற வண்டி.”

அடி கிறுக்கி, உனக்காகத்தாண்டி வாங்கினேன் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அவளுக்குப் பேசப் பேச மூச்சு இன்னும் வாங்கியது. பிக்கப்பிலேயே போய்விடுவோம் மச்சான் என்று பால்பாண்டி கெஞ்சினான். மல்லுக்கட்ட நேரமில்லை.

பாலம் ஏறுகிற இடத்தில், உச்சி வெயிலில், பிக்கப் நின்றுவிட்டது. சோறு போட்ட வண்டி! சாவியைத் திருகத் திருக இருமியதே தவிர கிளம்பவில்லை. ஸ்டீயரிங்கைக் குத்தினேன். ரோட்டில் போனவர்கள் இறங்கித் தள்ளிக் கிளப்பி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை.

ரொம்பத் தாமதம், இருதயம் பாதிக்குமேல் போய்விட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. அதில்தான் எனக்கு மிச்ச நம்பிக்கையும் போனது.

பால்பாண்டி வேனைக் கொண்டுவந்தான். பூஜையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பின்சீட்டை மடித்தோம். அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. பள்ளம் மேடு எதுவுமே தெரியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, வேன்தான் நல்ல வண்டி.

வண்டி விளாங்குடிப் பக்கம் திரும்பும்போது கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“குன்றத்துக்குத்தான போறோம்?”

பால்பாண்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“ஆமா முருகு.”

“எலுமிச்சம்பழம்?”

“எடுத்துட்டேன்” என்றேன்.