திரை காட்டிய வழி

"நேரே போகவும்!"

"வலப்பக்கம் திரும்பவும்!"

அச்சுவேலி தாண்டியதும் இரண்டு பெண் குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின. ஒருத்தி காரோடு பொருத்தி வந்த வழிகாட்டித் திரைக்குள் இருந்தாள். மற்றவள் சிவகௌரியின் போனுக்குள்.

சிவகௌரி பிரேக்கை மிதித்தாள். பின்சீற்றில் தலைப்பாகையும் பட்டுவேட்டியுமாக மாப்பிள்ளை நிருஷன். பக்கத்தில் தாய் கனகாம்பிகை.

"என்ன தங்கச்சி, நடுரோட்டிலை நிக்கிறாய்? சந்நிதி கோயிலிலை பொம்பிளை பகுதி வந்திட்டுதாம். இண்டைய நேரம் தப்பினா அடுத்தது ஆடி, கலியாணம் செய்யேலாது. பிறகு இவன் கனடாவுக்குப் போயிடுவான்."

அந்த அவசரத்தை நம்பித்தான் சிவகௌரி இந்த வாடகை ஓட்டத்துக்கே ஒப்புக்கொண்டாள்.

"எதைக் கேக்கிறது தம்பி? நீங்களே சொல்லுங்கோ. பிறகு என்னிலை பிழை பிடிக்கப்படாது."

"காரோடை வந்ததைக் கேளுங்கோ அக்கா. போன் கண்ட கண்ட ஒழுங்கையெல்லாம் காட்டும்."

போனின் வாயை அடைத்தாள் சிவகௌரி. திரையின் வரைபடம் பழையது. போன மாரி வெள்ளத்தில் வயல் பாதையின் மதகு அடித்துக்கொண்டு போனது அதற்குத் தெரியாது. போனுக்குத் தெரியும். நேற்றே வந்து பார்த்துவிட்டுப் போன சிவகௌரிக்கும் தெரியும். அவன் போனைக் கேட்கச் சொல்லியிருந்தாலும் இந்தப் பக்கம்தான் விட்டிருப்பாள். அவனே சொன்னதில் ருசி கூட.

இவனுக்கும் தன் தங்கை தயாளினிக்கும் பொன்னுருக்கி, தாலிக்குக் கொடுத்த மறுநாள், "மகனுக்கு விருப்பமில்லையாம்" என்று போனில் சொன்னவள் இதே கனகாம்பிகைதான். சிவகௌரி அப்போது கட்டாரில் வேலையில். இந்தக் குடும்பம் அவளை நேரில் கண்டதில்லை. தயாளினி இன்றுவரை படலை தாண்டவில்லை. இன்றைக்கு நீங்களும் வாசலில் நில்லுங்கோ என்று கறுவியபடி கியரை மாற்றினாள்.

மதகிருந்த இடத்தில் பெரிய பள்ளம்.

"ஐயோ முருகா! திருப்படி, கெதியாத் திருப்படி!"

திருப்பினாள். வேண்டுமென்றே கொஞ்சம் கூடவே திருப்பினாள். பின்சில்லு மணலில் புதைந்தது. ஓட்டோவுக்குச் சொல்லி அது வருவதற்குள், கனகாம்பிகையின் போன் அடித்தது. பெண்ணின் தகப்பன்.

"நேரம் தப்பிட்டுது. நாங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறம். இனி எங்கடை வாசலுக்கு வராதேங்கோ."

கனகாம்பிகை தலையில் அடித்துக்கொண்டு, தூரத்தில் வந்த ஓட்டோவை மறிக்க ஓடினாள். சிவகௌரி கண்ணாடியில் நிருஷனின் முகத்தைத் தேடினாள். அழட்டும், ஒரு சொட்டாவது விடட்டும்.

அவன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு ஆறுதலாகச் சாய்ந்தான்.

"உங்களை ஏறேக்கையே தெரியும் அக்கா, தயாளினி படம் காட்டினவ, மதகு இல்லாததையும் முந்தநாள் பாத்தனான், இந்தப் பொம்பிளையையும் வேண்டாமெண்டு நான் என்ரை வாயாலை சொல்லாமல் காப்பாத்தி விட்டியள்."